இறக்குமதியால் வேலை போனால்: அமெரிக்காவின் டி.ஏ.ஏ. திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்தில் இன்று புதிதாகச் சேர முடியாது. தகுதி உண்டு என்று ஏற்கெனவே அரசுச் சான்று பெற்றவர்கள் சிலருக்கு மட்டும் பலன் தொடரலாம். அப்படியானால் இதை ஏன் படிக்க வேண்டும்? அமெரிக்காவில் வரிவிதிப்பு, இறக்குமதி, மூடிய ஆலைகள் என்று பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பெயரும் கூடவே வருகிறது. அதுபோக, பழைய சான்று கையில் இருந்தும் அதன் மதிப்புத் தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

டி.ஏ.ஏ. என்றால் என்ன?

டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ். வெளிநாட்டுச் சரக்கின் போட்டியால், அல்லது கம்பெனியே உற்பத்தியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனதால், வேலை இழந்த தொழிலாளர்களுக்கான மத்திய அரசுத் திட்டம். பணம் வாஷிங்டனிலிருந்து வரும். ஆளைப் பார்த்து, படிப்பில் சேர்த்து, வாராவாரம் காசோலை போடுவது மாநில அரசின் வேலை. இதே பெயரில் நலிந்த நிறுவனங்களுக்கு ஒரு திட்டமும் விவசாயிகளுக்கு ஒரு திட்டமும் இருந்தன. இங்கே பேசுவது தொழிலாளர் திட்டம் பற்றி மட்டும்.

இப்போது மனுப் போடலாமா?

முடியாது. 2015 சட்டத்தின் முழு வடிவம் 2021 ஜூன் 30 வரை ஓடியது. அடுத்த ஓராண்டு சுருங்கிய வடிவத்தில் நடந்தது. 2022 ஜூலை 1 முதல் தொழிலாளர் துறை புதிய மனுக்களை ஏற்பதில்லை. கையில் இருந்த மனுக்கள் மீதும் தீர்ப்புச் சொல்வதில்லை. மறுபடி திறக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். மசோதாக்கள் வந்தன, எதுவும் நிறைவேறவில்லை.

வேலையின்மைக் காப்பீடுதான் எல்லோருக்கும் இருக்கிறதே, இது எதற்குத் தனியாக?

நியாயமான கேள்வி. திட்டம் பிறந்த கதையில்தான் பதில் இருக்கிறது.

1954இல் இரும்பாலைத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்த டேவிட் மெக்டொனால்ட், வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை பற்றி ஆராய்ந்த அரசுக் குழு ஒன்றில் இந்த யோசனையை வைத்தார். சுங்கவரியைக் குறைப்பது நாட்டுக்கு நல்லது என்று அரசு முடிவெடுக்கிறது. அதன் லாபம் மலிவு விலையாக எல்லோருக்கும் பிரிந்துபோகிறது. அடி மட்டும் ஒரு சில ஆலைகள்மேல் விழுகிறது. அரசு தெரிந்தே எடுத்த முடிவால் ஒருவன் வேலை போகிறது என்றால், அவனுக்கு அரசு கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறது என்பது வாதம். குழு ஏற்கவில்லை. கென்னடி காலத்தில், 1962ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டத்தில் அது நுழைந்தது.

நுழைந்ததே தவிர வேலை செய்யவில்லை. 1969 நவம்பர் வரை ஒரு தொழிலாளர் மனுகூட ஏற்கப்படவில்லை. ஏழு வருஷம், ஒன்றுகூட இல்லை! இறக்குமதி கூடியதற்கு வரிச்சலுகைதான் பெரும்பங்கு காரணம், வேலை போனதற்கு அந்த இறக்குமதிதான் பெரும்பங்கு காரணம் என்று இரண்டையும் நிரூபிக்கச் சொன்னார்கள். யாரால் முடியும்? 1974 வர்த்தகச் சட்டம் வந்த பிறகுதான் கதவு உண்மையில் திறந்தது. வரிச்சலுகையோடு முடிச்சுப் போட வேண்டாம். இறக்குமதி 'முக்கியமான பங்கு' வகித்தால் போதும். மற்றக் காரணங்களைவிடப் பெரிய காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று மாற்றினார்கள்.

திறந்த கதவு வழியாக 1980இல் கார்த் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக வந்தார்கள். ஜப்பான் கார்கள் விற்பனையைத் தின்றுகொண்டிருந்த நேரம். செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது. பணம் பெற்றவர்களில் பலர் தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, பிறகு அதே வேலைக்குத் திரும்பியவர்கள் என்று விமர்சனம் கிளம்பியது. 1981இல் ரீகன் அரசு உதவித்தொகையை வேலையின்மைக் காப்பீட்டின் அளவுக்கு இறக்கியது. காப்பீடு தீர்ந்த பிறகே கிடைக்கும் என்றும் ஆக்கியது. 1988இல், படிப்பில் சேர்ந்தால்தான் பணம் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இழப்பீடாகத் தொடங்கிய திட்டம் இப்படித்தான் பயிற்சித் திட்டமாக மாறியது.

திட்டம் ஓடிய காலத்தில் மனுவை யார் போடலாம்?

பாதிக்கப்பட்ட தொழிலாளர்களில் மூன்று பேர் சேர்ந்து போடலாம். யூனியன் போடலாம். கம்பெனியின் அதிகாரி, மாநில வேலைவாய்ப்புத் துறை, ஜாப் சென்டர் நடத்துபவர்களும் போடலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. தொழிலாளர் துறை 40 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

பலர் தவறவிட்ட இடம் ஒன்று உண்டு. மனுப்போட்ட தேதிக்கு ஓராண்டுக்கு முன்புவரை வேலை போனவர்களுக்குத்தான் சான்று செல்லும். கம்பெனி கட்டம் கட்டமாக ஆட்களைக் குறைத்துக்கொண்டு வந்தால், முதலில் வெளியே போனவர்கள் இந்தக் கணக்கில் விழாமல் போவார்கள். ஆலை முழுக்க மூடட்டும் என்று காத்திருந்த இடங்களில் இது நடந்தது.

இறக்குமதிதான் காரணம் என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டுமா?

சட்டப்படி வேண்டாம். மனுவில் கம்பெனியின் பெயர், என்ன செய்கிறது, ஏன் சந்தேகப்படுகிறோம் என்று எழுதினால் போதும். மீதியைத் தொழிலாளர் துறையின் விசாரணை அதிகாரி செய்வார்.

அவர் என்ன செய்வார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனுவின் விதி அங்கேதான் எழுதப்படும். ஒவ்வொரு மனுவுக்கும் டி.ஏ.-டபிள்யூ என்று தொடங்கும் ஒரு எண் கிடைக்கும். முதலில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று பார்ப்பார். 50 பேருக்குக் குறைவான குழுவில் மூன்று பேர். பெரிய குழுவில் ஐந்து சதவீதம் அல்லது 50 பேர். பிறகு கம்பெனிக்கு ஒரு படிவம் போகும்: விற்பனை எவ்வளவு, உற்பத்தி எவ்வளவு, நீங்களே வெளிநாட்டிலிருந்து எதையாவது வாங்குகிறீர்களா? கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு படிவம் போகும்: இவர்களிடம் வாங்குவதைக் குறைத்தீர்களா, குறைத்திருந்தால் அதே சரக்கை வெளிநாட்டிலிருந்து வாங்கினீர்களா?

யோசித்துப் பாருங்கள். ஒரு சாக்ஸ் மில் மூடுகிறது. அதன் தொழிலாளிக்குத் தெரியும், கடையில் தொங்குவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று. ஆனால் அவர் தலையெழுத்தை நிர்ணயிப்பது, மில்லிடம் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த சங்கிலிக் கடையின் கொள்முதல் பிரிவில் யாரோ ஒருவர் நிரப்பி அனுப்பும் படிவம். 'வேறு அமெரிக்க மில்லுக்கு மாறினோம்' என்று அவர் எழுதினால், மனு ஆட்டம் காணும். அந்த வேறு மில் ஏன் விலையை அடித்துக் குறைத்தது, அதன் கழுத்தில் கத்தி வைத்தது எந்த இறக்குமதி என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். வீட்டு வாடகை கட்ட முடியாதவருக்கு வேலை எதனால் போனது என்பது இரண்டாம் பட்சம். ரோபோவால் போனதா, சீனத்துச் சரக்கால் போனதா, முதலாளி கடனில் மூழ்கியதால் போனதா என்று பார்த்து ஒருவருக்கு 130 வாரம் வரை பணம், பக்கத்து ஆலைக்காரருக்குப் பூஜ்யம் என்று பிரித்தார்கள்.

கம்பெனியே மெக்சிகோவுக்குப் போய்விட்டால்?

அதுவும் கணக்கில் வரும். இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்கில் இருந்த மேடாக் குளிர்பதனப் பெட்டி ஆலை 2004இல் மூடப்பட்டு, உற்பத்தி மெக்சிகோவின் ரெய்னோசாவுக்குப் போனது. இப்படிப்பட்ட வழக்குகளில் இறக்குமதிப் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டுவது குறைவு, இடமாற்றமே சாட்சி. 1994 முதல் மெக்சிகோ, கனடா விஷயங்களுக்கென்று நாஃப்டா ஒப்பந்தத்தோடு சேர்ந்த தனித் திட்டமே இருந்தது. 2002 சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது.

ஆலைக்கு உதிரிபாகம் கொடுத்த கம்பெனியில் வேலை செய்தவர்?

2002க்குப் பிறகு அவருக்கும் வழி இருந்தது. சான்று பெற்ற ஆலைக்கு உங்கள் கம்பெனி பாகங்கள் கொடுத்திருக்க வேண்டும். அந்த வியாபாரம் உங்கள் உற்பத்தியில் அல்லது விற்பனையில் 20 சதவீதமாவது இருக்க வேண்டும், அல்லது அதை இழந்ததே வேலை போனதற்கு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். ஆலை வாசலில் டீக்கடை நடத்தியவருக்கும் முடிவெட்டியவருக்கும் எதுவும் இல்லை. ஊரே ஒரு மில்லை நம்பி இருந்தாலும் அப்படித்தான்.

ஐ.டி. வேலை இந்தியாவுக்குப் போனால் அமெரிக்க ஊழியருக்கு இது கிடைத்ததா?

நம்மவர்கள் கொஞ்சம் நெளிந்துகொண்டே கேட்கும் கேள்வி. பதில், மனுப் போட்ட தேதியைப் பொறுத்தது.

பழைய சட்டம் 'பொருள்' தயாரிக்கும் தொழிலாளிக்கு மட்டும்தான். அப்படியானால் மென்பொருள் பொருளா? கனெக்டிகட்டின் ஈஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷன் ஊழியர்கள், தங்கள் வேலை இந்தியாவுக்குப் போய்விட்டது என்று மனுப் போட்டார்கள். தொழிலாளர் துறை மறுத்தது. அதன் வாதப்படி, மென்பொருளை சிடி போலக் கையில் பிடிக்கக்கூடிய ஒன்றில் பதித்து விற்றால் பொருள். கம்பிவழி அனுப்பினால் பொருள் இல்லை. ஒரே நிரல், ஒரே ஊழியர்! முன்னாள் ஊழியர்கள் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2006இல் தொழிலாளர் துறை தன் கொள்கையை மாற்றிக்கொண்டு, தொட முடியாத மென்பொருளும் பொருள்தான் என்றது.

அப்புறம் 2009 சட்டம் சேவைத்துறை ஊழியர்கள் எல்லோரையும் சேர்த்தது. 2011 பிப்ரவரியில் அது காலாவதியானது, சேவைத்துறை வெளியே. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி உள்ளே. 2014இல் மறுபடி வெளியே. 2015இல் உள்ளே. 2021 ஜூலையில் வெளியே. அதனால்தான் ஒருவருடைய மனு எண்ணைப் பார்த்தாலே அவருக்கு எந்தச் சட்டம், எந்தப் பலன் என்று மாநில அலுவலர் சொல்லிவிடுவார்.

மனு தள்ளுபடியானால்?

தீர்ப்பு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியான 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். 60 நாளுக்குள் நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றத்துக்குப் போகலாம். துறையின் விசாரணை அரைகுறை என்று அந்த நீதிமன்றம் பலமுறை கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

சான்று கிடைத்தால் உடனே பணம் வருமா?

வராது. இங்கேதான் பலர் குழம்பினார்கள். முதல் சான்று குழுவுக்கு. இந்த ஆலையில், இந்தத் தேதிகளுக்கு இடையே வேலை போனவர்கள் தகுதியானவர்கள் என்று மட்டும் அது சொல்லும். அதன்பின் ஒவ்வொருவரும் தன் மாநில அலுவலகத்துக்குப் போய்த் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய 52 வாரத்தில் குறைந்தது 26 வாரம், வாரத்துக்கு 30 டாலராவது சம்பாதித்திருக்க வேண்டும். பழைய எண், ஏறக்குறைய எல்லோரும் தாண்டிவிடுவார்கள்.

2015 சட்டத்தில் பணக் கணக்கு இப்படிப் போகும். முதலில் மாநிலத்தின் வேலையின்மைக் காப்பீடு, வழக்கமாக 26 வாரம். அது தீர்ந்ததும் அடிப்படை உதவித்தொகை; காப்பீட்டோடு சேர்த்து 52 வாரம் வரை. முழுநேரப் படிப்பில் இருந்தால் கூடுதலாக 65 வாரம். இன்னும் கொஞ்சம் நாளில் படிப்பை முடித்துவிடுவார், ஒழுங்காகத் தேறி வருகிறார் என்றால் கடைசியாக 13 வாரம். ஆக 130. வாரத் தொகை, காப்பீட்டில் வாங்கிய அதே தொகைதான். காப்பீடு வாரம் 400 டாலர் என்றால் இரண்டரை வருஷத்துக்கு மொத்தம் 52,000 டாலர். வீட்டுக்கடன், பிள்ளைகள் என்று இருக்கும் குடும்பத்துக்கு இது இழுத்துப் பிடித்து ஓட்டும் தொகை. படிப்புக் கட்டணம், புத்தகம், கருவிகள் தனி. அவற்றைத் திட்டமே கட்டும். வாரத்தொகைக்கு மத்திய வருமான வரி உண்டு என்பதை மறந்தவர்கள் ஏப்ரலில் முழித்தார்கள்.

எந்தப் படிப்பு வேண்டுமானாலும் படிக்கலாமா?

இல்லை. மாநிலம் ஆறு விஷயங்களைப் பார்க்கும். உங்களுக்குப் பொருத்தமான வேலை இப்போது கிடைக்கவில்லை, படிப்பால் உங்களுக்குப் பயன் உண்டு, படித்தால் வேலை கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது, அந்தப் படிப்பு எட்டும் தூரத்தில் இருக்கிறது, உங்களால் அதைப் படிக்க முடியும், செலவு நியாயமானது.

'பொருத்தமான வேலை' என்பதில் தொழிலாளிக்குச் சாதகமான ஒரு நுணுக்கம் உண்டு. பழைய வேலைக்கு நிகரான அல்லது மேலான திறமை தேவைப்படும், பழைய சம்பளத்தில் 80 சதவீதமாவது தரும் வேலைதான் பொருத்தமானது. இயந்திரம் இயக்கி மணிக்கு 22 டாலர் வாங்கியவரிடம், 'கடையில் 11 டாலருக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே போங்கள்' என்று சொல்லிப் படிப்பை மறுக்க முடியாது.

பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான தேர்வுக்குப் படிக்கலாம். ஆங்கிலம் சரியாக வராத குடியேறிகள் ஆங்கிலமே படிக்கலாம். தையல், துணி ஆலைகளில் இது சின்ன விஷயமில்லை.

கெடு ஏதாவது உண்டா?

உண்டு, அதில்தான் நிறையப் பேர் கோட்டை விட்டார்கள். உதவித்தொகை வேண்டுமானால், சான்று வந்த தேதி, வேலை போன தேதி இரண்டில் எது பிந்தியதோ, அதிலிருந்து 26ஆவது வாரம் முடிவதற்குள் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது விலக்குப் பெற்றிருக்க வேண்டும். பழைய 2002 சட்டத்தில் சான்றிலிருந்து 8 வாரம், வேலை போனதிலிருந்து 16 வாரம். இருபது வருஷம் ஒரே தறியில் நின்றவர் என்ன படிப்பது என்று எட்டு வாரத்தில் முடிவு செய்ய வேண்டும்! உடல்நலக் குறைவு, வகுப்பு தொடங்க நாள் இருப்பது, பயிற்சி இடமே இல்லாதது ஆகியவை விலக்குக்கான காரணங்கள்.

வயது 55. இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது என்பவருக்கு?

அவருக்குத்தான் இந்தத் திட்டத்தின் உருப்படியான பகுதி என்பேன்: சம்பளக் காப்பீடு. 50 வயது நிரம்பியவர், புதிய வேலையில் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பாதிக்காதவர் என்றால், பழைய சம்பளத்துக்கும் புதிய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு தந்தது. இரண்டு ஆண்டுவரை, மொத்தம் 10,000 டாலர் உச்சவரம்பு.

பழைய வேலையில் வாரம் 1,000 டாலர், புதிய வேலையில் 700 என்று வையுங்கள். வித்தியாசம் 300, அரசு தருவது 150. ஏறக்குறைய 67 வாரத்தில் 10,000 டாலர் தீர்ந்துவிடும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 'குறைந்த சம்பளம் வேண்டாம்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல், கிடைத்த வேலையில் கால்வைக்க இது கை கொடுத்தது. தகுதிக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருந்த வயதினரை ஒப்பிட்டுப் பார்த்த பொருளாதார ஆய்வு, இந்தக் காப்பீடு கிடைத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், பின்னால் கூடுதலாகவும் சம்பாதித்தார்கள் என்று கண்டது. அப்படி இருந்தும் படிப்புக்கு இருந்த விளம்பரம் இதற்கு இருந்ததில்லை. 49 வயதுக்காரருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கும் ஒழுங்கான பதில் கிடையாது.

வேறு ஊருக்குக் குடிபோக உதவி?

வேலை தேடிப் போய்வரும் செலவில் 90 சதவீதம், 1,250 டாலர் வரை. குடிபெயர்ந்தால் அந்தச் செலவிலும் 90 சதவீதம், அதோடு 1,250 டாலர் வரை ஒரு மொத்தத் தொகை. எடுத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. சொந்த வீடு விலை போகாத ஊரில், வயதான பெற்றோரை விட்டு யார் கிளம்புவார்கள்?

மருத்துவக் காப்பீடு?

2002 முதல், காப்பீட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை வரிச்சலுகையாக அரசு ஏற்றது. முதலில் 65 சதவீதம், 2009இல் 80, பிறகு 72.5. அது 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது.

உண்மையில் பயன் இருந்ததா?

ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தொழிலாளர் துறைக்காக நடந்து 2012இல் வெளியான பெரிய மதிப்பீடு, திட்டத்தில் இருந்தவர்கள் நான்கு ஆண்டு கழித்தும் மற்றவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்றது. படிப்பில் கழிந்த காலத்தில் வருமானம் இல்லாதது ஒரு காரணம். பிறகு 2018இல் வந்த ஆய்வு புத்திசாலித்தனமான வழியைப் பிடித்தது. விசாரணை அதிகாரிகளில் சிலர் தாராளம், சிலர் கறார்; யாரிடம் கோப்பு போகிறது என்பது கிட்டத்தட்டக் குலுக்கல். தாராளமானவரிடம் விழுந்தவர்களையும் கறாரானவரிடம் விழுந்தவர்களையும் ஒப்பிட்டால், உதவி பெற்றவர்கள் பத்து ஆண்டில் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும்போது வித்தியாசம் கரைந்துவிட்டது. எனக்கு இரண்டாவது ஆய்வு நம்பும்படி இருக்கிறது. ஆனால் ஒருவருடைய பிழைப்பு எந்த மேசைக்குக் கோப்பு போனது என்பதைப் பொறுத்தது என்று அதே ஆய்வு காட்டுவதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எண்களைவிட வட கரோலினாவின் கன்னாபொலிஸ் நன்றாகச் சொல்லும். கேனன் துவாலைகளால் வளர்ந்த மில் ஊர் அது. பின்னாளில் பில்லோடெக்ஸ் என்ற பெயரில் இயங்கிய கம்பெனி 2003 ஜூலை 30 அன்று கதவைச் சாத்தியது. அந்த வட்டாரத்தில் மட்டும் 4,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை போனது. டி.ஏ.ஏ. சான்று கிடைத்தது, ஆயிரக்கணக்கானோர் உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் போய் நின்றார்கள். அவர்களில் பலர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். பதினாறு வயதில் மில்லுக்குள் போனவருக்குச் சான்றிதழ் தேவைப்பட்டதே இல்லை. ஆகவே முதலில் பள்ளிக்குச் சமமான தேர்வு, பிறகு தொழிற்படிப்பு. மில்லை இடித்த இடத்தில் பின்னர் உயிரியல் ஆராய்ச்சி வளாகம் எழுந்தது. அங்கே ஆளெடுத்தார்கள்தான், முனைவர் பட்டம் வாங்கியவர்களை.

இன்னொன்று. சீன இறக்குமதியால் அடிபட்ட வட்டாரங்களை ஆராய்ந்தவர்கள், அங்கே டி.ஏ.ஏ. செலவைவிட மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான செலவு பல மடங்கு கூடியதைக் கண்டார்கள். முதுகுவலியோடு மில்லில் காலம் தள்ளியவர், மில் போனதும் அந்த முதுகுவலியைக் காட்டி ஓய்வுக்குப் போனார். இதற்கென்று அரசு கட்டிய கதவைவிடப் பக்கத்துக் கதவில்தான் கூட்டம்.

நல்லதோ கெட்டதோ, ஏன் நிறுத்தினார்கள்?

திட்டம் எப்போதும் ஒரு பேரத்தின் பாதியாகவே வாழ்ந்தது. குடியரசுத் தலைவருக்கு வர்த்தக ஒப்பந்தம் பேச விரைவு அதிகாரம் தரும் சட்டம் ஒரு பாதி, தொழிலாளர் உதவி மறு பாதி. ஒப்பந்தம் வேண்டும் என்பவர்கள் உதவிக்குத் தலையாட்டுவார்கள். 2015 ஜூனில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒபாமாவின் விரைவு அதிகாரத்தைத் தடுக்க, உதவித் திட்டத்தை வழக்கமாக ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சியினரே பிரதிநிதிகள் சபையில் அதைத் தோற்கடித்தார்கள். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்பதால், ஒன்றைக் கவிழ்த்தால் மற்றதும் கவிழும் என்ற கணக்கு. இரண்டு வாரத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து நிறைவேற்றி, ஜூன் 29 அன்று உதவித் திட்டம் சட்டமானது.

2021இல் விரைவு அதிகாரம் காலாவதியானது. புதிய ஒப்பந்தங்களில் இரு கட்சிகளுக்கும் ஆர்வம் போய்விட்டது. பேரத்தில் எதிர்த்தரப்புக்கு வேண்டியது எதுவும் இல்லாதபோது இந்தப் பாதியைக் கேட்க ஆளில்லை. இறக்குமதியை வரி போட்டே நிறுத்துகிறோம், பிறகு எதற்கு இழப்பீடு என்பது சிலருடைய வாதம். அந்த வரியாலேயே மூலப்பொருள் விலை ஏறியோ பிற நாடுகள் பதிலடி கொடுத்தோ வேலை இழப்பவருக்கு, பழைய சட்டத்திலும் இடம் இல்லை என்பது வேறு கதை.

சரி, இன்று ஆலை மூடினால் என்ன இருக்கிறது?

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஆலையை மூடவோ பெருமளவில் ஆட்குறைக்கவோ 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1988இல் வந்த 'வார்ன்' சட்டம் சொல்கிறது. அந்தக் கடிதம் வந்ததும் மாநிலத்தின் 'ரேபிட் ரெஸ்பான்ஸ்' குழு ஆலைக்கே வரும். கூட்டத்தைத் தவறவிட வேண்டாம். வேலையின்மைக் காப்பீட்டுக்கு வேலை போன வாரமே விண்ணப்பியுங்கள். 26 வாரம் எல்லா இடத்திலும் இல்லை. வட கரோலினா போன்ற மாநிலங்களில் 12 வாரம்தான்.

பயிற்சிக்கு, 2014 சட்டத்தின் கீழ் 'டிஸ்லொகேட்டட் ஒர்க்கர்' (வேலை இழந்த தொழிலாளர்) உதவி அமெரிக்கன் ஜாப் சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு மையங்களில் கிடைக்கும். வேலை எதனால் போனது என்று அங்கே யாரும் குடைவதில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் டி.ஏ.ஏ. போல இரண்டரை வருஷம் வாரத்தொகை கிடையாது. பயிற்சிக்கான பணமும் அந்த ஊர் அலுவலகத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான். கம்யூனிட்டி காலேஜ் என்றால், வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகைக்கும் கூடவே விண்ணப்பியுங்கள். கம்பெனிக் காப்பீடு போனால் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் சேர 60 நாள் இருக்கிறது.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு?

இந்த உதவிகள் எல்லாவற்றிலும் 'வேலை செய்யத் தயார், அதற்குச் சட்ட அனுமதியும் இருக்கிறது' என்று காட்ட வேண்டும். எச்-1பி அனுமதி அந்த ஒரு கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். எனவே நடைமுறையில் இவர்களுக்கு வழி குறுகல்தான். பச்சை அட்டை வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

2022க்கு முன்பு எங்கள் ஆலைக்குச் சான்று கிடைத்தது. இப்போது எதுவும் மிச்சம் இருக்குமா?

இருக்கலாம். ஆலைக்குச் சான்று இருந்து, 2022 ஜூன் 30 அல்லது அதற்கு முன்பு நீங்கள் வேலை இழந்திருந்தால், உங்கள் உரிமை திட்டத்தோடு சேர்ந்து சாகவில்லை. வாரத்தொகைக்கான கெடு பெரும்பாலும் தாண்டியிருக்கும். படிப்புச் செலவுக்கும் வாரத்தொகைக்கும் விதிகள் வேறு வேறு. ஒன்று போனால் மற்றதும் போய்விட்டது என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, தெரிந்தால் டி.ஏ.-டபிள்யூ எண் ஆகியவற்றோடு மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள். எண் தெரியாவிட்டால் ஆலையின் பெயரையும் ஊரையும் வைத்தே அவர்கள் தேடிப் பார்ப்பார்கள். 'முடியாது' என்று சொன்னால், வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் தாளின் தேதியிலிருந்துதான்.